காசு கொடுத்துச் சிரித்தவர்கள்: லண்டன் கேலிப்படங்கள் பற்றிச் சில குறிப்புகள்

1808 பிப்ரவரி 10 என்று தேதி போட்ட ஒரு படம். லண்டன், செயின்ட் ஜேம்ஸ் தெரு. கடுங்குளிர், நடைபாதை உறைந்துபோய்க் கிடக்கிறது. வயதான கனவான் ஒருவர் வழுக்கி விழுந்திருக்கிறார். பொடி டப்பா ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம் சிதறிப் போச்சு. ஆனால் கையில் இருக்கும் வெப்பமானியை மட்டும் விடவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு படக்கடை. ஜன்னலின் சதுரக் கண்ணாடிகளில் வரிசையாகக் கேலிப்படங்கள் மாட்டியிருக்கின்றன. நாலைந்து பேர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் ஒரு மனிதர் விழுந்து கிடப்பதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படத்தின் பெயர் 'வெரி ஸ்லிப்பி வெதர்'. ரொம்ப வழுக்குற வானிலைன்னு வெச்சுக்கலாம். செதுக்கியவர் ஜேம்ஸ் கில்ரே. ஆங்கிலேயக் கேலிப்படங்களைப் பற்றி எங்கே தேடினாலும் இந்தப் படம் வந்து நிற்கும். கூடவே ஒரு விளக்கமும் வரும்: அந்தக் காலத்து லண்டனில் ஏழை, பணக்காரன் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கடை ஜன்னல் முன்னால் நின்று ராஜாவையும் பிரபுக்களையும் பார்த்துச் சிரித்தார்கள், வாயில்லாதவனுக்கு வாயாக இருந்தது கேலிப்படம் என்று. நண்பர் ஒருவர் கொஞ்ச நாள் முன்னால் வாட்ஸப்பில் கில்ரேயின் வேறொரு படத்தை அனுப்பி, "200 வருஷத்துக்கு முன்னாடியே எவ்வளவு தைரியம் பாருங்க" என்று எழுதியிருந்தார். அதுக்குப் பதில் எழுத ஆரம்பித்துத்தான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீண்டுவிட்டது.

எனக்கு ஓவியம் வரையத் தெரியாது, கலை வரலாறும் முறையாகப் படித்ததில்லை. படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். ஆனால் எந்த ஃபைல் கைக்கு வந்தாலும், யார் எழுதினது, எப்ப எழுதினதுன்னு முதலில் பார்க்கிற தொழில் புத்தி உண்டு. அந்தப் புத்தியோடு படத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தேன். பதிப்பித்தவர் எச். ஹம்ஃப்ரி, 27, செயின்ட் ஜேம்ஸ் தெரு. அதாவது படத்தில் தெரிகிற அதே கடையின் முதலாளி.

கொஞ்சம் நிதானிச்சு யோசிங்க. ஒரு கடைக்காரர், தன் கடை வாசலில் ஜனங்கள் மெய்மறந்து நிற்பதாகப் படம் போட்டு, அதைத் தன் கடையிலேயே விற்கிறார். ஜன்னலில் மாட்டியிருப்பதும் கில்ரேயின் பழைய படங்கள்தான். இதுக்கு நம்ம ஊர்ல பேரு விளம்பரம். "எல்லோரும் சிரித்தார்கள்" என்பதற்கு இதையே சாட்சியாகக் கூப்பிடுவது, ஜவுளிக்கடை விளம்பரத்தில் தெரியும் கூட்டத்தை வைத்து அந்த ஊர் மக்கள்தொகையைக் கணக்கிடுவது மாதிரி.

கூட்டமே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்க்கக் காசு வேண்டாம், வேலைக்காரப் பையன்களும் தெருவியாபாரிகளும் நின்று பார்த்திருப்பார்கள். ஆனால் பார்த்தவர்களுக்காகப் படம் போடப்படவில்லை. வாங்குகிறவர்களுக்காகப் போடப்பட்டது. அந்த வாங்குகிறவர்கள் யார் என்று தேடிப்போனால் கதை வேறு மாதிரி ஆகிறது.

முதலில் அந்த அடிவரி பற்றி. 1735-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் செதுக்குப்படங்களுக்குக் காப்புரிமை கொடுத்தது. வில்லியம் ஹோகார்த் முன்னின்று போராடி வாங்கியதால் ஹோகார்த் சட்டம் என்றே பெயர். உரிமை வேண்டுமானால் பதிப்பாளர் பெயரும் வெளியான தேதியும் ஒவ்வொரு தகட்டிலும் இருக்க வேண்டும். திருட்டுப் பிரதிகளைத் தடுக்க வந்த சட்டம். இன்றைக்கு நமக்கு அது பெரிய வரம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நகைச்சுவையை அது பிறந்த நாளோடும் கடை முகவரியோடும் கையில் கொடுக்கிறது. வரலாற்றில் வேறு எந்த ஜோக்குக்கு இப்படி டைம்ஸ்டாம்ப் இருக்கு?

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏன்னா விலை அங்கிருந்துதான் வருது. மெருகேற்றிய செப்புத் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் மெழுகுப் பூச்சு தடவுவார்கள். புகை காட்டிக் கருப்பாக்குவார்கள். அதன்மேல் ஊசியால் கீறினால் கோடு போட்ட இடத்தில் மட்டும் செம்பு பளிச்சென்று தெரியும். பிறகு நைட்ரிக் அமிலம். மெழுகு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது, கீறின இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். மெழுகைத் துடைத்து, பள்ளத்தில் மசி ஏற்றி, ஈரப்படுத்திய தாளை வைத்து உருளை எந்திரத்தில் அழுத்தி எடுத்தால் ஒரு படி. அச்சில் எல்லாம் இடவலமாக மாறிவிடும் என்பதால் தகட்டில் எழுத்துகளைத் தலைகீழ் பிம்பமாக எழுத வேண்டும். கில்ரே படங்களில் பாத்திரங்களின் வாயிலிருந்து பக்கம் பக்கமாக வசனம் வரும், அத்தனையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எழுதினது. செம்பு மெதுவான உலோகம். அழுத்த அழுத்தக் கோடு தேயும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் கையால் நீர்வண்ணம் தீட்ட வேண்டும்.

இதனால் ஒரு படம் சாதா என்றால் ஒரு ஷில்லிங் அளவிலும், வண்ணம் தீட்டியது என்றால் இரண்டு ஷில்லிங்கோ அதற்கு மேலோ விலை போனது. லண்டனில் ஒரு சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் சம்பளமே இரண்டு மூன்று ஷில்லிங்தான். ஒரு நாள் உழைப்பைக் கொடுத்து யாரும் ஜோக் வாங்க மாட்டார்கள்.

அப்ப யார் வாங்கினாங்க? கடைகளின் முகவரியே பாதிப் பதில். செயின்ட் ஜேம்ஸ் தெரு பிரபுக்களின் கிளப்புகள் இருந்த தெரு, அரண்மனைக்குப் பக்கம். எஸ். டபிள்யூ. ஃபோர்ஸ் என்பவரின் கடை பிக்கடில்லியில். அவர் கேலிப்படத் தொகுப்புகளை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்கும் விட்டார். வீட்டில் விருந்து, சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளுக்குப் பொழுது போக வேண்டும், உடனே ஒரு கட்டுப் படம் வரவழைப்பார்கள். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்த தலைமுறைக்கு இந்த வியாபாரத்தை விளக்க வேண்டியதில்லை. விலை மலிவான கடையும் ஒன்று இருந்தது, சீப்சைடில் தாமஸ் டெக். அவரிடம்கூட வண்ணப் படம் ஒரு ஷில்லிங்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த வாடிக்கையாளர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர். பெருத்த உடம்பு, கடன், காதலிகள், குடி என்று கேலிப்படக்காரர்களுக்கு அள்ள அள்ளக் குறையாத சுரங்கம் அவர். அவரே ஹம்ஃப்ரி கடையிலும் மற்ற கடைகளிலும் படங்களை வாங்கிச் சேர்த்தார். விண்ட்சர் கோட்டையில் சேர்ந்த அந்த அரச சேகரிப்பு 1921-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான படங்கள். இன்றைக்கு வாஷிங்டனில் போய் இந்த இளவரசரை நக்கலடிக்கும் படத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் அரச குடும்பத்தின் பணத்தில் வாங்கிய படியைத்தான் பார்க்கிறீர்கள்.

ஜார்ஜ் கேனிங் கதை இன்னும் அழகு. பிற்காலத்தில் பிரதமரானவர். அரசியலில் இளைஞராக இருந்தபோது அவருக்கு இருந்த பெரிய கவலை, கில்ரே தன்னை இன்னும் படத்தில் போடவில்லையே என்பது. கேலி செய்யப்படாதவன் பெரிய மனுஷன் இல்லைன்னு அர்த்தம். ஜான் ஸ்னேடு என்ற பாதிரியார் நண்பர் மூலம் கில்ரேயிடம் தூது விட்டார். 1796-இல் ஒருவழியாக ஒரு படத்தில் ஓர் ஓரமாக இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே கில்ரேக்கு ஆளும் கட்சித் தரப்பிலிருந்து ரகசியமாக ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை வர ஆரம்பித்தது, அதுவும் கேனிங் வட்டாரத்தின் ஏற்பாடுதான். ஆரம்பத்தில் பார்த்தோமே, வழுக்கி விழுந்த கனவான், அந்தப் படத்துக்கான யோசனை ஸ்னேடுடையது. வானிலையை வைத்து அவரும் கில்ரேயும் சேர்ந்து ஏழு படம் போட்டார்கள், அதில் ஒன்றுதான் அது.

இந்தப் பின்னணியோடு அந்தக் காலத்துச் சமூகக் கேலிப்படங்களைப் பாருங்கள். அரசியல் படங்களை விட எனக்கு இவைதான் சுவாரசியம்.

1818 மே மாதம் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் வெளியிட்ட ஒரு படம், தலைப்பு 'நெரிசலான டிராயிங் ரூமின் அசௌகரியங்கள்'. இங்கே டிராயிங் ரூம் என்பது நம் வீட்டு முன்ஹால் கிடையாது, அரசி நடத்தும் வரவேற்பு. அரசி ஷார்லட் பழமைவாதி. வெளியில் பெண்களின் உடை மாறி, இடுப்பு மார்புக்குக் கீழ் வரை ஏறி, பாவாடை நேராகத் தொங்க ஆரம்பித்து வருஷக்கணக்காகிவிட்டது. அரசியோ, தன் முன்னால் வருகிறவர்கள் தன் இளமைக்கால வழக்கப்படி அகலமான வளையப் பாவாடை கட்டித்தான் வர வேண்டும், தலையில் இறகு வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? வளையம் இடுப்பிலிருந்து தொடங்காமல் மார்புக்குக் கீழிருந்தே தொடங்கும். பெண்கள் ஆளுயர மணிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். அந்த மணிகள் எல்லாம் ஒரே அறையில் முட்டி மோதுவதுதான் க்ரூக்‌ஷாங்க் படம். ஒருத்தர் இறகு இன்னொருத்தர் கண்ணில், ஒருத்தர் வாள் இன்னொருத்தர் பாவாடையில். பார்த்தவுடன் சிரிப்பு வரும், நமக்கே வருது. ஆனால் இந்த ஜோக்கில் இருக்கும் உள்விவரம் முழுசாகப் புரிய வேண்டுமானால் அந்த அறைக்குள் ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும், இல்லை போனவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் ஷார்லட் இறந்தார். 1820-இல் நான்காம் ஜார்ஜ் ராஜா ஆனதும் அரசவை வளையப் பாவாடை ஒழிந்தது.

தாமஸ் ரோலண்ட்சனின் புகழ்பெற்ற படம் ஒன்று 1811 வாக்கில் வந்தது. சாமர்செட் ஹவுஸ் கட்டடத்தில் ராயல் அகாடமியின் ஆண்டு ஓவியக் கண்காட்சி, மேல்தளத்துப் பெரிய கூடத்துக்குப் போகச் செங்குத்தான சுழல் படிக்கட்டு. அதில் சீமாட்டிகள் ஒருவர் மேல் ஒருவர் உருண்டு விழுகிறார்கள், உடைகள் கண்டபடி விலகுகின்றன. சுற்றி நிற்கும் கனவான்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். படிக்கட்டுக்கான ஆங்கிலச் சொல்லும் உற்றுப் பார்ப்பதற்கான சொல்லும் ஒரே உச்சரிப்பு, எழுத்து மட்டும் வேறு. தலைப்பில் ரோலண்ட்சன் எழுத்தை மாற்றி வைத்திருக்கிறார். கலையை ரசிக்க வந்த கூட்டம் எதை ரசித்தது என்பதே கேலி. இந்தக் கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். தகாத ஆட்கள் உள்ளே வராமல் இருப்பதற்காகவே கட்டணம் வைக்கிறோம் என்று அகாடமியே வெளிப்படையாக அறிவித்திருந்தது. படம் வாங்கவும் ஒரு ஷில்லிங், படத்தில் இருக்கும் கூட்டத்தில் ஒருவராக இருக்கவும் ஒரு ஷில்லிங். ஒரே பை.

1816 முதல் க்ரூக்‌ஷாங்க் 'மான்ஸ்ட்ராசிட்டீஸ்' என்ற பெயரில் அநேகமாக ஆண்டுதோறும் ஒரு படம் போட்டார். அந்த வருஷத்து நாகரிக விகாரங்கள் என்று அர்த்தம் கொள்ளலாம். ஹைட் பார்க்கில் உலாத்துகிறவர்கள், காதை மறைக்கும் காலர், குளவி இடுப்புச் சட்டை, கோபுரத் தொப்பி. இடுப்புப் பட்டை இழுத்துக் கட்டிய ஆண்களையும் விடவில்லை. இவற்றை வாங்கியவர்கள் யாரென்றால், அடுத்த நாள் அதே காலரோடு பார்க்குக்குப் போனவர்கள்.

ஆக, இந்தச் சிரிப்பில் பெரும்பகுதி ஒரு வீட்டுக்குள் நடந்த சிரிப்பு. கல்யாண வீட்டில் மாமாவின் வேட்டியைப் பார்த்து மச்சான்கள் சிரிப்பது மாதிரி. காட்டமாக இருக்கும், சில சமயம் அசிங்கமாகவும் இருக்கும், ஆனால் பந்தியிலிருந்து யாரையும் எழுப்பிவிடாது. வீட்டுக்கு வெளியே இருந்தவர்களை இந்தப் படங்கள் எப்படிப் பார்த்தன என்பதில்தான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. 1797 ஜூனில் கில்ரே போட்டது, 'கவுண்ட் ரூப்பீ'. ரூபாய் பிரபு என்று சொல்லலாம். ஹைட் பார்க்கில் ஒரு மனிதர் குதிரையில் போகிறார், அவ்வளவுதான் படம். அவர் பால் பென்ஃபீல்டு. மதராஸில் கம்பெனி வேலைக்கு வந்து, ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்துப் பெருத்தவர். 1773-இல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். 1776-இல் ஆளுநர் பிகட் அதைத் திரும்பத் துளஜா மன்னரிடம் ஒப்படைத்தபோது, பென்ஃபீல்டு குறுக்கே வந்தார்: தஞ்சை வருவாயை நவாப் எனக்கு அடகு வைத்திருக்கிறார், நின்ற பயிரிலும் எனக்குப் பங்கு உண்டு. அவர் கேட்ட தொகை இரண்டு லட்சம் பவுண்டுக்கும் மேல். இந்தத் தகராறு முற்றி, மதராஸ் கவுன்சில் உறுப்பினர்கள் தங்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். பிகட் காவலிலேயே 1777-இல் இறந்தார். 1785-இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டுக் கடன்களைப் பற்றிப் பேசியபோது பென்ஃபீல்டைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அதனால் லண்டனில் விவரம் தெரிந்த எல்லோருக்கும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

ஆனால் படத்தில் தஞ்சாவூர் இல்லை. நெல்லும் இல்லை. ஜோக் என்ன? எங்கிருந்தோ காசோடு வந்தவன் நம்ம பார்க்கில் நம்ம மாதிரியே குதிரை ஓட்டுகிறான். குற்றம் கொள்ளையடித்தது இல்லை, அந்தக் கொள்ளையை வைத்துக்கொண்டு மேட்டுக்குடிக்குள் நுழையப் பார்த்தது. இந்தப் படத்தை ஆன்லைனில் முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன். பென்ஃபீல்டு யாரென்று படித்தபின் திரும்பப் பார்த்தால், குதிரையின் காலுக்குக் கீழே காலியாக இருக்கிற இடம்தான் கண்ணில் படுது.

இதை விடக் கடினமான கணக்கு 1819-ஆம் ஆண்டு. அதே ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க், அதே கை, ஒரே வருஷத்தில் இரண்டு படம்.

ஜனவரியில் வந்தது வங்கி நோட்டு வடிவத்தில் ஒரு கேலி. 1797-இல் போர்க்காலத்தில் இங்கிலாந்து வங்கி, நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியது. பதிலுக்கு ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை வெளியிட்டது. மோசமான அச்சு, யார் வேண்டுமானாலும் போலி செய்யலாம். பெரிய நோட்டையே பார்த்திராத ஏழைகள் கையில் இவை புழங்கின. எழுதப் படிக்கத் தெரியாதவன் போலி நோட்டைத் தெரிந்தே மாற்றினான் என்று தீர்ப்பானால், தூக்கு. இப்படி நூற்றுக்கணக்கானோர் தூக்கில் தொங்கினார்கள், பெண்கள் உட்பட. நியூகேட் சிறை வழியாகப் போகும்போது பெண்கள் தூக்கில் தொங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வரைந்ததாக க்ரூக்‌ஷாங்க் பிற்காலத்தில் எழுதினார். அவருடைய நோட்டில் பவுண்டு குறி தூக்குக் கயிற்றால் ஆனது. நோட்டின் ஒரு பக்கம் ஆண்களும் பெண்களுமாக வரிசையாகத் தொங்குகிறார்கள். பிரிட்டானியா தேவி குழந்தைகளைத் தின்கிறாள். கையொப்பம் வங்கி அதிகாரியுடையது இல்லை, ஜே. கெட்ச், அதாவது தூக்குப் போடுபவர்களுக்கு லண்டனில் வழங்கிய பட்டப்பெயர். லட்கேட் ஹில்லில் வில்லியம் ஹோன் கடையில் விற்பனை. இந்த முறை ஜன்னல் முன் கூட்டம் நிஜமாகவே கூடியது. தகடு தேய்ந்து இன்னொன்று போட வேண்டி வந்தது. தன் படத்தால்தான் சட்டமே மாறியது என்று கிழவரானபின் க்ரூக்‌ஷாங்க் சொல்லிக்கொண்டது மிகை, 1830களில்தான் போலிப் பணத்துக்கான தூக்கு படிப்படியாக ஒழிந்தது. ஆனாலும் என் கணக்கில் அந்தக் காலத்தின் தலைசிறந்த கேலிப்படம் இதுதான். சிரிக்கவே முடியாத கேலி.

ஜூலை மாதம் அடுத்த படம், 'தி நியூ யூனியன் கிளப்'. பதிப்பித்தது ஜார்ஜ் ஹம்ஃப்ரி, அதே 27 செயின்ட் ஜேம்ஸ் தெரு. (ஹன்னா ஹம்ஃப்ரியின் சொந்தம், கடையை அடுத்து நடத்தியவர்.) அடிமை ஒழிப்பு இயக்கத்தாரும் கருப்பினத்தவரும் சேர்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். வில்பர்ஃபோர்ஸ் இருக்கிறார், சக்கரி மக்காலே இருக்கிறார். கருப்பர்கள் ஒவ்வொருவரும் கோரமாக, குடித்துவிட்டு, அடித்துக்கொண்டு, கண்டபடி கிடப்பதாக வரையப்பட்டிருக்கிறார்கள். இதை விவரிக்கவே எனக்குக் கை வரவில்லை. அடிமை வணிகம் 1807-இல் தடை செய்யப்பட்டிருந்தாலும், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்த காலம் அது. படத்துக்கு யோசனை கொடுத்தவர் ஃபிரெடரிக் மாரியட், பின்னாளில் கடல் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். அவர் அப்பா ஜோசப் மாரியட் நாடாளுமன்ற உறுப்பினர், மேற்கிந்திய வியாபாரி, ஒழிப்பு இயக்கத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் எழுதியவர். கேனிங்குக்கு ஸ்னேடு மாதிரி, இங்கேயும் யோசனையோடு வந்தவர் யாருடைய ஆள் என்று பார்த்தால் படம் தானாக விளங்கிவிடுகிறது.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்கலாம். அளக்க வேண்டாம், அந்தக் காலத்து அளவுகோலே போதும். வில்பர்ஃபோர்ஸும் மக்காலேயும் 1819-இல்தானே இருந்தார்கள்? தூக்குமேடையைப் பார்த்துப் பதறிய அதே கை, ஆறே மாதத்தில் இதையும் செதுக்கியது. க்ரூக்‌ஷாங்க் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு நான் போகவில்லை. அவர் ஒரு தொழிலாளி, தகட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினவர். ஹோன் கேட்டால் ஒரு படம், ஹம்ஃப்ரி கேட்டால் ஒரு படம். அடுத்த ஆண்டு, 1820-இல், அரண்மனையிலிருந்தே 100 பவுண்டு வாங்கிக்கொண்டார். மன்னரை ஒழுக்கக்கேடான எந்த நிலையிலும் வரைய மாட்டேன் என்ற உறுதிமொழிக்கான தொகை அது. ரசீது இருக்கு. நண்பர் அனுப்பிய "தைரியம் பாருங்க" வாசகத்துக்கு என் பதில் இந்த ரசீதுதான்.

1820களின் கடைசியில் கேலியின் திசை இன்னும் கீழ்நோக்கித் திரும்புகிறது. 1826-இல் 'பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம்' தொடங்கி, மலிவு விலையில் அறிவியல் நூல்கள் வர ஆரம்பித்தன. அறிவின் முன்னேற்றம் என்பது அன்றைய கோஷம். வில்லியம் ஹீத், ராபர்ட் சீமோர் போன்றவர்கள் அந்தக் கோஷத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் படம் போட்டார்கள். குப்பை அள்ளுபவர் இலக்கியம் பேசுகிறார், சமையல்காரி புத்தகத்தில் மூழ்கியிருக்கிறாள். அவ்வளவுதான் ஜோக். படிக்கக் கூடாதவன் படிக்கிறான் என்பதற்கே சிரிப்பு. இந்த வகை நகைச்சுவை எங்கேயும் கேட்டிராதது இல்லையே நமக்கு.

ஹீத்தின் 1829-ஆம் ஆண்டுப் படம் ஒன்று மட்டும் தனி ரகம். எதிர்கால லண்டன்: நீராவிக் குதிரை, வௌவால் சிறகு வைத்த பறக்கும் வண்டியில் நாடு கடத்தப்படும் கைதிகள், 'நேராக வங்காளத்துக்கு' என்று பலகை மாட்டிய ஒரு மாபெரும் வெற்றிடக் குழாய்ப் பயண நிறுவனம். இரண்டு நூற்றாண்டு கழித்து ஹைப்பர்லூப் என்று பவர்பாயின்ட் போட்டுக் காட்டியவர்கள் இதைப் பார்த்திருப்பார்களா தெரியாது. கேலி செய்யத்தான் வரைந்தார், பாவம்.

பிறகு கல்லச்சு வந்தது, மர அச்சு வந்தது, விலை பென்னிக் கணக்குக்கு இறங்கியது. 1841-இல் பஞ்ச் இதழ். வாங்குகிறவர் மாறினார், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படம் தேவைப்பட்டது. ரோலண்ட்சனின் படிக்கட்டுப் படம் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது.

இவற்றைத் தேடிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையச் சேகரிப்பு இலவசம். எம். டாரதி ஜார்ஜ் என்ற பெண்மணி 1935 முதல் 1954 வரை ஏழு தொகுதிகளாக, 1771-க்கும் 1832-க்கும் இடைப்பட்ட படங்களை ஒவ்வொன்றாக விவரித்து அட்டவணை போட்டிருக்கிறார். யார் எந்த மூலையில் நிற்கிறார், அவர் கையில் என்ன, வாயில் வரும் வசனம் என்ன, எல்லாம் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதைப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது.

ஒரிஜினல் கில்ரே படம் என்று விற்பனைக்கு வருவதில் ஒரு விஷயம் கவனிக்கணும். கில்ரே 1815-இல், கண்ணும் மனமும் கெட்டுப்போய், ஹம்ஃப்ரி கடை மாடியிலேயே இறந்தார். தகடுகள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஹென்றி பான் என்ற பதிப்பாளரிடம் வந்தன. அவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவற்றைத் திரும்ப அச்சிட்டார். தாளின் இரண்டு பக்கமும் அச்சு இருந்தால் அது அநேகமாகப் பான் பதிப்பு. குடும்பத்தார் பார்க்கக் கூடாது என்று அவர் ஒதுக்கிய தகடுகள் 'அடக்கி வைக்கப்பட்டவை' என்ற பெயரில் தனித் தொகுப்பாக வந்தன. கில்ரே உயிரோடு இருந்தபோது அவையும் மற்ற படங்களோடு கடை ஜன்னல் வியாபாரத்துக்குப் போட்டவைதான்.